கல்பாசிக்குள் யார்? பூக்காத உயிர்களின் உடலில் வாழும் பூஞ்சைகள்

செட்டிநாட்டுச் சமையலில் பட்டை, கிராம்போடு எண்ணெயில் பொரியும் கல்பாசி ஒரு லைக்கன். மலைக்காடுகளில் மரப்பட்டையிலும் பாறையிலும் ஒட்டி வளர்வதைச் சுரண்டி எடுத்து, காயவைத்துச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். அதில் பெரும்பங்கு பார்மோட்ரீமா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. பள்ளிப் புத்தகத்தில் லைக்கனைப் பற்றி இரண்டு வரி படித்திருப்போம்: பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர் அது, பூஞ்சை உடலைக் கட்டுகிறது, பாசி ஒளிச்சேர்க்கை செய்து உணவு தருகிறது. இரண்டு வரியும் சரியானவைதான். ஆனால் நகத்தளவு லைக்கன் துண்டு ஒன்றை எடுத்து, அதன் மேற்பரப்பை நன்றாகக் கிருமிநீக்கம் செய்து, பெட்ரித்தட்டில் ஊட்டக்கூழின்மேல் வைத்தால், சில நாட்களில் அதிலிருந்து வெளியே வளர்ந்து வரும் பூஞ்சை அநேகமாக அந்த லைக்கனைக் கட்டிய பூஞ்சையாக இருக்காது. அந்தப் பூஞ்சை மிக மெதுவாக வளர்வது. முந்திக்கொண்டு வருவது வேறொன்று. அது அதுவரை வெளியில் எந்த அடையாளமும் காட்டாமல் உள்ளேயே இருந்திருக்கிறது.

இப்படி ஆரோக்கியமான உடலுக்குள் நோய்க்குறி எதையும் காட்டாமல் வாழும் பூஞ்சைகளைத் தாவரங்களில் எண்டோஃபைட் என்கிறார்கள். லைக்கனில் இருந்தால் எண்டோலைக்கனிக் பூஞ்சை என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் இரண்டையும் சேர்த்து உள்வாழ் பூஞ்சைகள் என்றே குறிப்பிடுகிறேன். நெல்லிலும் மாமரத்திலும் இவை இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியும். பூக்கும் தாவரங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே நிலத்தில் நிலைபெற்ற, வேரில்லாச் சிறு செடிகளான மாஸ், லிவர்வொர்ட், பெரணிபோல் விதையில்லாத லைக்கோபோடியம், பெரணி, ஊசியிலை மரங்கள் ஆகியவற்றுக்குள்ளும், தாவரமே அல்லாத லைக்கனுக்குள்ளும் இருப்பவை குறித்துத்தான் பேச்சு குறைவு. இந்த உயிர்களைப் பயிர்களுக்கும் பழமரங்களுக்கும் அடுத்த வரிசையில் வைத்துப் பார்ப்பது பழகிப்போன பார்வை. உள்வாழ் பூஞ்சைகளைப் பொறுத்தவரை அந்த வரிசை செல்லாது. பூஞ்சைகள் நிலத்துக்கு வந்த பிறகு இன்னொரு உயிரின் உடலுக்குள் வாழக் கற்றுக்கொண்ட கதையின் முக்கியமான பக்கங்கள் இங்கேதான் இருக்கின்றன.

லைக்கனுக்குள் எத்தனை பேர்

லைக்கன் ஓர் உயிரல்ல, இரண்டின் கூட்டு என்று சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சைமன் ஷ்வெண்டனர் 1860-களின் இறுதியில் சொன்னபோது, அக்கால லைக்கன் அறிஞர்கள் பலர் கொதித்துப்போனார்கள். தாம் வாழ்நாளெல்லாம் வகைப்படுத்திய உயிரினங்கள் 'கலப்பு' என்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை. ஷ்வெண்டனர் சொன்னதே நின்றது. இன்று லைக்கனுக்கு நாம் வைக்கும் அறிவியல் பெயர்கூட அதைக் கட்டும் பூஞ்சையின் பெயர்தான். அப்படிப் பெயரிடப்பட்டவை சுமார் 20,000 இனங்கள்.

இந்தக் கட்டுமானப் பூஞ்சையைத் தவிர, லைக்கனையே உண்டு வாழும் பூஞ்சைகளும் உண்டு. லைக்கனின் மேல் கரும்புள்ளிகளாகவும் சிறு கழலைகளாகவும் நிறம் வெளுத்த திட்டுகளாகவும் இவை தெரியும். கைலென்ஸ் இருந்தால் போதும். 2018-இல் வெளியான உலகப் பட்டியலில் இவை 2,300-க்கும் மேல். பெரும்பாலானவை குறிப்பிட்ட ஒரு லைக்கன் பேரினத்தை மட்டும் பிடித்துக்கொள்பவை.

மூன்றாவது கூட்டம்தான் நம் பேசுபொருள். இவற்றை லென்ஸ் காட்டாது. ஓர்லாண்டோ பெட்ரினியும் உடன் ஆய்ந்தவர்களும் 1990-இல் கிளைத்து வளரும் லைக்கன்களிலிருந்து இத்தகைய பூஞ்சைகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். ஒரே லைக்கனில் பல இனங்கள் இருப்பது அப்போதே தெரிந்தது. ஆனாலும் இவை காற்றில் வந்து ஒட்டிய ஸ்போர்கள் (பூஞ்சையின் விதை போன்ற நுண்துகள்கள்), தற்செயல் விருந்தாளிகள் என்ற ஐயம் நெடுநாள் நீடித்தது. ஐயம் நியாயமானதுதான். ஒரு லைக்கனின் மேல்தோல் ஆண்டுக்கணக்கில் மழையிலும் காற்றிலும் கிடக்கிறது. அதில் படியாத ஸ்போர் எது?

இந்த ஐயத்தைத் தீர்க்கும் வழிமுறையை விளக்கியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எண்களெல்லாம் இதை நம்பியே நிற்கின்றன. துண்டை முதலில் எத்தனாலில் சில நொடிகள் அலசுகிறார்கள். பிறகு நீர்த்த வெளுப்புக் கரைசலில் இரண்டு நிமிடம், மீண்டும் எத்தனாலில் இரண்டு நிமிடம். மேற்பரப்பில் இருப்பது இதில் செத்துவிடும். உள்ளே இருப்பது தப்பும். சுத்தமானதா என்று பார்க்க, அந்தத் துண்டை ஊட்டக்கூழில் ஒரு முறை அழுத்தி எடுத்துவிடுவார்கள். அழுத்திய தடத்தில் எதுவும் முளைக்காவிட்டால், பிறகு துண்டிலிருந்து வருவது உள்ளிருந்து வருவதாகும். வந்த பூஞ்சையை உருவத்தை வைத்து அடையாளம் காண்பது பெரும்பாலும் இயலாது. தட்டில் பல பூஞ்சைகள் ஸ்போரே உண்டாக்காமல் வெறும் வெண்பஞ்சாக நிற்கும். எனவே ஐ.டி.எஸ். எனப்படும் டி.என்.ஏ. பகுதியைப் படித்து இனம் பிரிக்கிறார்கள். வளர்க்காமலே திசுவிலிருந்து டி.என்.ஏ.வை நேரடியாகப் படிக்கும் முறையும் இப்போது பரவலாகிவிட்டது. அது தட்டில் வளர மறுக்கும் பூஞ்சைகளையும் பிடிக்கும்; கூடவே உறங்கும் ஸ்போர்களையும் செத்தவற்றையும் பிடிக்கும். ஆகவே ஒரு முறையை மட்டும் வைத்து எழுதப்பட்ட பட்டியலைப் பாதிப் பட்டியலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே எங்கே இருக்கின்றன? அரிசோனா பல்கலைக்கழகத்தின் எலிசபெத் ஆர்னால்டும் அவர் குழுவும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு தெளிவான விடை தந்தது. லைக்கனைக் கட்டிய பூஞ்சையின் இழைகளோடு அல்ல, பாசிச் செல்களோடுதான் இவை சேர்ந்திருக்கின்றன. யோசித்தால் பொருந்துகிறது. லைக்கனுக்குள் இருக்கும் பச்சைப்பாசி ரிபிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹாலையும், சில லைக்கன்களில் பாசியின் இடத்தில் இருக்கும் நீலப்பச்சை பாக்டீரியா குளுக்கோசையும் வெளியே விடுகின்றன. உணவு கசியும் இடத்தில் இவையும் இடம் பிடித்திருக்கின்றன. மரத்தின் இலைக்குள் வாழும் பூஞ்சை பச்சையத் திசுவை அண்டி வாழ்வது போன்றதே இதுவும். லைக்கனின் உள்வாழ் பூஞ்சையை 'பூஞ்சைமேல் வாழும் பூஞ்சை' என்று எண்ணியிருந்தவர்கள் அதைப் 'பாசிக்குள் வாழும் எண்டோஃபைட்' என்று பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

இடையில் இன்னொரு பரபரப்பும் நடந்தது. அமெரிக்காவின் மொன்டானாவில் டோபி ஸ்பிரிபில்லேயின் குழு, பிரயோரியா என்ற தொங்கு லைக்கனின் இரு வகைகளை ஆராய்ந்தது. ஒன்று பழுப்பு, அங்குள்ள பூர்வகுடிகள் உண்பது. மற்றது மஞ்சள், வல்பினிக் அமிலம் நிறைந்த நஞ்சு. ஆனால் இரண்டிலும் கட்டுமானப் பூஞ்சை ஒன்று, பாசியும் ஒன்று. 2016-இல் வெளியான விடை: மேல்தோலில் பொதிந்திருக்கும் ஒருவகை ஈஸ்ட் மஞ்சள் வகையில் மிக அதிகமாக இருந்தது. 'லைக்கன் இருவரல்ல, மூவர்' என்று உலகெங்கும் செய்தி பரவியது. 2019-இல் 339 லைக்கன் இனங்களின் மரபணுத் தொகுதியைத் துழாவியபோது, மிகச் சிலவற்றில்தான் அந்த ஈஸ்ட் குழு அகப்பட்டது. ஆக, அது எல்லா லைக்கனுக்கும் பொதுவான மூன்றாம் பங்காளி அல்ல. கண்டுபிடிப்பின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. ஒரு லைக்கனின் இயல்பை அதன் இரண்டு முதன்மைப் பங்காளிகளை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது என்பதை அது காட்டிவிட்டது.

மாஸும் லைக்கனும் ஏன் ஒத்திருக்கின்றன

இந்தத் துறையில் என்னை அதிகம் யோசிக்கவைத்த ஆய்வு ஜனா யு'ரென், ஆர்னால்டு, பிரான்சுவா லுட்சோனி உள்ளிட்டோர் 2012-இல் வெளியிட்டது. வட அமெரிக்காவில் ஐந்து இடங்கள்: அரிசோனாவின் ஊசியிலைக் காடு, வட கரோலினாவின் மலைக்காடு, ஃபுளோரிடாவின் புதர்க்காடு, அலாஸ்காவில் இரண்டு துந்திரப் பகுதிகள். ஒவ்வொன்றிலும் சுமார் 20 தாவர, லைக்கன் இனங்கள். அவற்றிலிருந்து தட்டில் வளர்த்தெடுத்த 4,154 பூஞ்சைகளை டி.என்.ஏ. கொண்டு ஒப்பிட்டார்கள்.

சராசரியாக ஒரு லைக்கன் இனத்துக்குள் இருந்த பூஞ்சைகள், ஒரு தாவர இனத்துக்குள் இருந்தவற்றைவிட எண்ணிக்கையிலும் வகையிலும் அதிகம். ஒட்டுமொத்தத் தொகையில் தாவரங்கள் முந்தின. முந்தியதற்குக் காரணமும் பூக்கும் தாவரங்கள் அல்ல. மாஸ்களிலும் லைக்கோபோடிய வகையினரிலும் காணப்பட்ட பெரும் பன்மை. இன்னொன்று, மாஸுக்குள் இருந்த பூஞ்சைச் சமூகம் பெரிய தாவரங்களுடையதை விட்டு விலகி, லைக்கனுடையதை ஒட்டி நின்றது.

மாஸ் ஒரு தாவரம். லைக்கன் பூஞ்சையும் பாசியும். மரபு வழியில் மாஸுக்குப் பைன் மரம் உறவு. லைக்கன் உறவே இல்லை. அப்படியிருந்தும் குடியிருப்போர் ஒத்துப்போகிறார்கள். காரணத்தை இவற்றின் வாழ்க்கையில்தான் தேட வேண்டும் என்பது என் எண்ணம். மாஸுக்கும் லைக்கனுக்கும் வேரில்லை, நீர் கடத்தும் குழாய்த் திசு கிடையாது அல்லது மிகக் குறைவு. மெழுகுப் படலமும் மெல்லியது. மழை வந்தால் சில நிமிடங்களில் நனைந்து உயிர்பெறும், வெயில் வந்தால் நொறுங்கும் அளவுக்குக் காயும், சாகாது. இவற்றுக்குள் வாழும் பூஞ்சையும் நாளுக்கொரு முறை காய்ந்து, நனைந்து, மீள வேண்டும். சுற்றிலும் ஆண்டு முழுதும் ஈரப்பதம் நிலையாக இருக்கும் ரோஜா இலைக்குள் வாழ்வதற்கு வேறு திறமை வேண்டும். அருகருகே ஒரே பாறையில் வளர்வதும் காரணமாகலாம். ஒன்றின் ஸ்போர் மற்றொன்றில் விழுவது எளிது. இரண்டு காரணங்களில் எது பெரிது என்பதை, மாஸே இல்லாத பாறையில் வளரும் லைக்கனையும், மாஸோடு கலந்து வளரும் லைக்கனையும் ஒப்பிட்டுத்தான் பிரிக்க முடியும்.

அதே ஆய்வில், நெருங்கிய உறவுடைய ஓம்பிகள் (பூஞ்சைக்கு இடம் தரும் உயிர்கள்) வெவ்வேறு பிரதேசங்களில் இருந்தபோது, அவற்றுக்குள் இருந்த பூஞ்சைகள் வகைப்பாட்டின் மேல்மட்டங்களான வகுப்பு, வரிசை அளவில் ஒத்தும், இன அளவில் வேறாகவும் இருந்தன. அந்த வேறுபாட்டை இடைப்பட்ட தூரத்தைவிடத் தட்பவெப்பமே நன்றாக விளக்கியது. வெப்பமண்டலத்தில் நிலை இன்னும் தீவிரம். ஆர்க்டிக்கிலிருந்து பனாமா வரை இலைத் துண்டுகளை ஒப்பிட்ட ஆர்னால்டும் லுட்சோனியும் 2007-இல் காட்டியது: வடகோடியில் நூற்றுக்கு ஓரிரு துண்டுகளில்தான் பூஞ்சை இருந்தது, வெப்பமண்டலக் காட்டில் ஏறத்தாழ ஒவ்வொரு துண்டிலும் இருந்தது.

மாஸின் உடலுக்குள்ளேயும் எல்லா இடமும் ஒன்றல்ல. டைக்ரேனம் ஸ்கோபேரியம் என்ற மாஸின் தண்டை மேலிருந்து கீழாக வெட்டி, டி.என்.ஏ.வுக்குப் பதில் ஆர்.என்.ஏ.வைப் படித்த ஓர் ஆய்வு 2018-இல் வந்தது. ஆர்.என்.ஏ. இருந்தால் அந்த நேரத்தில் பூஞ்சை உயிரோடு இயங்குகிறது என்று பொருள். பச்சைத் தலைப்பகுதியில் ஒரு கூட்டம், பழுப்பேறும் நடுப்பகுதியில் இன்னொன்று, மக்கும் அடிப்பகுதியில் மற்றொன்று என்று சமூகம் படிப்படியாக மாறியது. சில பூஞ்சைகள் பச்சையிலும் இருந்தன, மக்கிலும் இருந்தன. உயிருள்ள திசுவில் அமைதியாக இருந்துவிட்டு, அது செத்ததும் தின்னத் தொடங்குகிறவை இவை. முதல் ஆளாகச் சாப்பாட்டின்மேல் உட்கார்ந்திருப்பதுதான் இவற்றின் ஆதாயம்.

இறந்த மரக்கட்டையில் கருவிரல் போல நீட்டிக்கொண்டு நிற்கும் சைலேரியா வகைப் பூஞ்சைகள் இதற்கு நல்ல சான்று. மட்குண்ணிகள் என்று பாடம் சொல்லும் இவை, உயிருள்ள இலைகளில், லிவர்வொர்ட்டுகளில், லைக்கன்களில் எல்லாம் உள்வாழ் பூஞ்சையாகத் திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன. லிவர்வொர்ட்டில் கிடைத்த சைலேரியாக்களைப் பூக்கும் தாவரங்களில் கிடைத்தவற்றோடு 2003-இல் ஒப்பிட்டபோது, லிவர்வொர்ட்டுக்கென்று தனிக் கிளை எதுவும் பிரியவில்லை. எல்லாம் கலந்தே நின்றன. ஒரிகானின் ஜார்ஜ் கரோல் 1999-இல் இதை விளக்க ஒரு கருத்தை முன்வைத்தார். அடுத்த மரக்கட்டை எப்போது எங்கே விழும் என்று பூஞ்சைக்குத் தெரியாது. இடைக்காலத்தை இலைக்குள் கழிக்கிறது. இலை உதிர்ந்து கட்டையின்மேல் விழுந்தால் அங்கிருந்து இறங்கிவிடுகிறது. அப்படியானால், மரப்பட்டையில் படர்ந்திருக்கும் லைக்கனும் மாஸும் இந்தப் பூஞ்சைகளுக்குச் சரியான காத்திருப்பு இடங்கள். மரம் செத்தால் அவை ஏற்கெனவே அதன்மேல் இருக்கின்றன.

யார் முதலில்

லைக்கனுக்குள் பழகிய பூஞ்சைகளே பிறகு தாவரங்களுக்குள் குடியேறினவா? 2001-இல் லுட்சோனி குழு நேச்சர் இதழில் ஒரு துணிச்சலான முடிவை வெளியிட்டது: பெனிசிலியம், ஆஸ்பெர்ஜில்லஸ் உட்பட இன்று தனித்து வாழும் பல பூஞ்சைகளின் மூதாதையர் லைக்கனாக வாழ்ந்தவை. மேலே சொன்ன ஆர்னால்டு குழுவின் 2009 ஆய்வு இதை இன்னொரு பக்கம் நகர்த்தியது. உள்வாழ் பூஞ்சைகளின் வம்சாவளியை வரைந்தபோது, லைக்கனுக்குள் வாழும் முறையிலிருந்து தாவரத்துக்குள் வாழும் முறைக்கு மாறியது திரும்பத் திரும்ப நிகழ்ந்ததாகத் தெரிந்தது. தாவர எண்டோஃபைட்டுகளுக்கு லைக்கன் ஒரு தொட்டில் என்றார்கள்.

அழகான கருத்து, முழுதாக ஏற்பதற்கு எனக்குத் தயக்கம். 2020-இல் வந்த காலக்கணக்கீடு ஒன்று, இன்றைய லைக்கன் குழுக்கள் குழாய்த் திசுத் தாவரங்களுக்கு முன் தோன்றியதற்கு ஆதாரமில்லை என்றது. நிலத்தை முதலில் பசுமையாக்கியது லைக்கன் என்று நாம் சிறுவயதில் படித்தது அதனால் ஆட்டம் காண்கிறது. மாற்றங்கள் லைக்கனிலிருந்து தாவரத்துக்கு அடிக்கடி நிகழ்ந்திருக்கலாம். ஆனால் முதன்முதலில் அங்கேதான் தொடங்கியது என்று சொல்ல வேறு சான்று வேண்டும்.

பழமைக்கு உறுதியான சான்று கல்லில் கிடைக்கிறது. ஸ்காட்லாந்தின் ரைனி கிராமத்தில் 1912-ஐ ஒட்டி வில்லியம் மேக்கி என்ற மருத்துவர் கண்டெடுத்த தீக்கல்லில், சுமார் 40 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய தாவரங்கள் செல் செல்லாகப் பதிந்திருந்தன. வெந்நீர் ஊற்றின் சிலிக்கா அவற்றை மூழ்கடித்துக் கல்லாக்கியது. அவற்றில் ஆக்லியோஃபைட்டன் என்ற வேரற்ற செடியின் திசுவுக்குள், இன்று தாவர வேர்களோடு கூடி வாழும் வேர்ப்பூஞ்சைகள் செய்வது போலவே மரம் மாதிரி கிளைத்த இழைக்கட்டமைப்புகள் இருப்பதை 1994-இல் விவரித்தார்கள். வேரே இல்லாத செடிக்குள் 'வேர்ப்பூஞ்சை' இருந்திருக்கிறது.

அந்த ஏற்பாட்டை இன்றும் லிவர்வொர்ட்டுகளில் காணலாம். மார்கான்சியா பாலேசியா என்ற லிவர்வொர்ட்டைப் பூஞ்சையோடும் பூஞ்சையின்றியும் வளர்த்து 2010-இல் அளந்தார்கள். பூஞ்சை பாஸ்பரஸைக் கொடுத்தது, செடி கார்பனைக் கொடுத்தது. பூஞ்சையுள்ள செடி நன்றாக வளர்ந்தது; தொல்காலத்தின் உயர்ந்த கரியமில வாயு அளவில் வைத்தபோது ஆதாயம் இன்னும் கூடியது. பாடப்புத்தகங்களில் படம் போடப்படும் மார்கான்சியா பாலிமார்ஃபா என்ற நெருங்கிய உறவினரோ இந்தக் கூட்டுறவை இழந்துவிட்டது. மாஸ்கள் எல்லாமே அப்படித்தான். தாவரங்களின் பெரும் கிளைகளில் வேர்ப்பூஞ்சைக் கூட்டுறவு இல்லாத கிளை மாஸ் ஒன்றுதான். அதே மாஸுக்குள்தான் பிற உள்வாழ் பூஞ்சைகள் இத்தனை வகையாக இருக்கின்றன.

கூட்டுறவு எப்போதும் இருபக்க நன்மையாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வட ஐரோப்பாவின் சதுப்புக் காடுகளில், மாஸ் படுகைக்கு அடியில் வெளுத்த நிறத்தில் வாழும் அனியூரா மிராபிலிஸ் என்ற லிவர்வொர்ட்டுக்குப் பச்சையமே இல்லை. அதன் உடலுக்குள் டுலாஸ்னெல்லா என்ற பூஞ்சை. அந்தப் பூஞ்சையின் மறுமுனை பக்கத்திலிருக்கும் பிர்ச் மர வேரில். மரத்துக்குக் கதிரியக்கக் குறியிட்ட கார்பன் டை ஆக்சைடு கொடுத்துப் பார்த்தபோது, அந்தக் கார்பன் பூஞ்சை வழியாக லிவர்வொர்ட்டுக்கு வந்து சேர்ந்தது. 2003-இல் மார்ட்டின் பிடார்டோண்டோவும் உடனாய்வாளர்களும் வெளியிட்டது இது. நிழலில் ஒடுங்கிய சின்னஞ்சிறு செடி, பூஞ்சையைக் கருவியாக்கி ஒரு பெருமரத்தை உண்கிறது.

பெரணிகளின் உறவுக்கூட்டத்திலும் இதே போக்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மரக்கிளைகளிலும் பாறைப் பிளவுகளிலும் குச்சிக்கட்டாக வளரும் சைலோட்டம், புல்வெளிகளில் ஒற்றை இலையோடு தலைகாட்டும் ஓஃபியோகிளாசம் ஆகிய இரண்டுக்கும் வாழ்க்கையின் முதல் கட்டம் மண்ணுக்குள் அல்லது மட்கினுள் நடக்கிறது. அங்கே வெளிச்சமில்லை, பச்சையமில்லை. உள்ளிருக்கும் பூஞ்சைதான் ஊட்டுகிறது. மேலே வந்து இலை விரிக்கும் பிற்பருவத்திலும் அந்தப் பூஞ்சை உடனிருக்கிறது.

ஊசியிலைக்குள் பொறுமை

ஊசியிலை மரங்கள் விதை தருபவை, பூக்காதவை. அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் டக்ளஸ் ஃபிர் மரத்தின் முதிர்ந்த ஊசிகளில் ராப்டோக்ளைன் பார்க்கெரி என்ற பூஞ்சை ஏறத்தாழ எங்கும் உண்டு. மழைக்காலத்தில் ஊசியின்மேல் விழும் ஸ்போர் முளைத்து, மேல்தோலின் ஒரே ஒரு செல்லுக்குள் புகுகிறது. புகுந்ததும் நின்றுவிடுகிறது. ஊசி மரத்தில் இருக்கும் ஆண்டுகள் முழுதும் அந்த ஒரு செல்லைத் தாண்டாது. ஊசி முதிர்ந்து உதிரும் தறுவாயில்தான் பரவுகிறது, ஸ்போர் விடுகிறது, மேலே புது ஊசிகளைத் தொற்றுகிறது. ஓர் ஊசியில் இப்படிப் பல செல்கள், ஒரு மரத்தில் லட்சக்கணக்கான ஊசிகள். ஜெஃப்ரி ஸ்டோன் 1980-களில் நுண்ணோக்கியில் பொறுமையாகத் தேடி விவரித்த வாழ்க்கை இது. ஒரு மரத்தை ஓர் உயிராக மட்டும் எண்ண முடியாதபடி செய்துவிடும் விவரம் என்றே இதைச் சொல்வேன்.

மரத்துக்கு இதனால் என்ன? கனடாவில் ஸ்புரூஸ் மொட்டுப்புழு காலத்துக்குக் காலம் பெருகிக் காடுகளை மொட்டையடிக்கும். வெள்ளை ஸ்புரூஸின் ஊசிக்குள் வாழும் ஃபையலோசெஃபாலா ஸ்கோபிஃபார்மிஸ் என்ற பூஞ்சை ருகுலோசின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதை உண்ட புழு வளர்ச்சி குன்றுகிறது. டேவிட் மில்லர் குழுவின் தொடர் ஆய்வுகளுக்குப் பிறகு, நியூ பிரன்ஸ்விக்கில் நாற்றங்கால்களிலேயே கன்றுகளுக்கு இந்தப் பூஞ்சையை ஏற்றிவிடும் நடைமுறை வந்தது. நட்டு ஆண்டுகள் கழித்தும் பூஞ்சை மரத்தில் நிலைத்திருந்தது. உள்வாழ் பூஞ்சையின் சூழலியலைப் புரிந்துகொண்டு அதைக் காட்டிலேயே பயன்படுத்திய உதாரணம் என்பதால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

எதிர்ப்பக்க உதாரணம் டாக்ஸால். பசிபிக் யூ என்ற ஊசியிலை மரத்தின் பட்டையிலிருந்து மன்றோ வாலும் மன்சுக் வானியும் பிரித்து 1971-இல் கட்டமைப்பை வெளியிட்ட புற்றுநோய் மருந்து அது. பட்டையை உரித்தால் மரம் சாகும். 1993-இல், அந்த மரத்துக்குள் வாழும் டாக்ஸோமைசஸ் ஆன்ட்ரியானே என்ற பூஞ்சையே டாக்ஸாலைத் தயாரிக்கிறது என்று சயின்ஸ் இதழில் வந்தபோது உலகமே நிமிர்ந்து பார்த்தது. கிடைத்த அளவு ஒரு லிட்டர் வளர்ப்புக் கரைசலுக்குச் சில பத்து நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதன்பின் எண்ணற்ற ஆய்வகங்கள் எண்ணற்ற பூஞ்சைகளில் டாக்ஸால் இருப்பதாக அறிவித்தன. 2013-இல் ஒரு குழு இத்தகைய பூஞ்சைகளை மறுபரிசோதனை செய்து, அவை டாக்ஸாலைச் சுயமாக உருவாக்குவதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. மருந்து இன்று யூ ஊசியிலிருந்து எடுக்கும் முன்பொருளை மாற்றியமைத்தும், யூ செல்களைத் தொட்டியில் வளர்த்தும் வருகிறது; பூஞ்சையிலிருந்து அல்ல.

இந்தக் கதையின் விளைவு நம் நாட்டு ஆய்வுகளிலும் தெரிகிறது. ஓர் அரிய பெரணியையோ லைக்கனையோ எடுத்து, ஐந்தாறு பூஞ்சைகளைப் பிரித்து, அவற்றின் சாறு பாக்டீரியாவைக் கொல்கிறதா என்று பார்த்து முடித்துவிடும் கட்டுரைகள் குவிகின்றன. அந்தப் பூஞ்சை ஓம்பிக்குள் என்ன செய்கிறது, அடுத்த மரத்தில் இருக்கிறதா, கோடையில் இருக்கிறதா என்ற கேள்விகள் கேட்கப்படுவதில்லை. வேதிப்பொருள் தேடுவது தவறல்ல. லைக்கனின் உள்வாழ் பூஞ்சையிலிருந்து புதிய வேதிப்பொருட்களை முதன்முதலில் 2007-இல் அறிவித்த குழுவின் முதன்மை ஆசிரியர் இலங்கையின் களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரியானி பரணகம. உஸ்னியா என்ற தாடி லைக்கனுக்குள் இருந்த கொரினெஸ்போரா பூஞ்சையில் கிடைத்தவை அவை. நல்ல வேதியியல் அது. சூழலியல் அதற்கு இணையாக நடக்கவில்லை என்பதே என் மனக்குறை.

அதற்கான விதை சென்னையில் விழுந்திருக்கிறது. விவேகானந்தா வெப்பமண்டலப் பூஞ்சையியல் நிறுவனத்தின் டி. எஸ். சூரியநாராயணனும் உடனாய்வாளர்களும் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் காடுகளில் மர இலைகளின் எண்டோஃபைட்டுகளைப் பருவம் மாற்றி, காட்டு வகை மாற்றி ஆராய்ந்தவர்கள். லைக்கன் உடலுக்குள் வாழும் நுண்பூஞ்சைகள் குறித்தும் 2005-இலேயே வெளியிட்டார்கள். அரிசோனா ஆய்வுகள் பரவலாகப் பேசப்படுவதற்கு முன்பே. உலகில் பூஞ்சை இனங்கள் 22 முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என்பது 2017-ஆம் ஆண்டு மதிப்பீடு. பெயரிடப்பட்டவை சுமார் ஒன்றரை லட்சம். மீதியைத் தேட வேண்டிய இடங்களில் சோலைக் காட்டின் ஒரு மரத்தண்டு நிச்சயம் ஒன்று.

செய்ய வேண்டியதும் பெரிய செலவு பிடிப்பதல்ல. ஒரே மரத்தைத் தேர்ந்துகொண்டு, அதன் தண்டில் இருக்கும் லைக்கன், அதை ஒட்டிய மாஸ், கிளையில் தொற்றிய பெரணி, மரத்தின் சொந்த இலை, அடியில் கிடக்கும் மட்கிய கட்டை ஆகிய ஐந்தையும் ஒரே நாளில், ஒரே கிருமிநீக்க முறையில் எடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் ஒரு முறை, மார்ச் வறட்சியில் ஒரு முறை. அருகிலுள்ள பைன் தோட்டத்திலும் இதையே செய்ய வேண்டும். அந்நிய மரம் தன் பூஞ்சைகளைக் கொண்டுவந்ததா, உள்ளூர்ப் பூஞ்சைகள் அதற்குள் ஏறினவா என்பது அப்போது தெரியும். கிடைக்கும் பூஞ்சைகளை ஆய்வு முடிந்ததும் கைவிட்டுவிடாமல், நாட்டின் நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களில் எண்ணிட்டு ஒப்படைக்க வேண்டும். சந்தைக்காகப் பெருமளவு லைக்கன் சுரண்டப்படும் சரிவுகளிலும், சுரண்டப்படாத சரிவுகளிலும் அந்த ஐந்து மாதிரிகளை ஒப்பிட்டால், லைக்கனை அகற்றுவது பக்கத்து மாஸுக்குள்ளும் இலைக்குள்ளும் இருக்கும் பூஞ்சைகளை எவ்வளவு மாற்றுகிறது என்ற கேள்விக்கு முதன்முறையாக நம் காட்டிலிருந்தே ஒரு விடை வரும்.